மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, கரு தங்குமா?

வாசகி கேள்வி: எங்களுக்கு நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 27, கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. வீட்டுக்காரர் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர 12, 13 நாள் ஆகும். வந்தால் 4 நாள் வீட்டில் இருப்பார். வயதுக்கு வந்ததிலிருந்தே எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. கடைசி ஆறு முறை 38, 52, 41, 67, 36, 45 நாள் இடைவெளியில் வந்தது. செல்போன் ஆப் ஒவ்வொரு முறையும் 14ஆம் நாளில் முட்டை வரும் என்று காட்டுகிறது. அதை நம்பி, அந்த 67 நாள் தள்ளிப்போன முறை அவர் லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு 12ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை வீட்டிலேயே இருந்தார். அப்போதும் உண்டாகவில்லை. 21ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, முட்டையே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது 47 நாள் ஆகிறது. 33ஆம் நாளிலிருந்து 36 வரை அவர் ஊரில் இருந்தார். 40ஆம் நாள் வீட்டிலேயே சோதித்தேன், ஒரு கோடுதான் வந்தது. 'மாத்திரை போட்டு வரவைத்துவிடலாம்' என்கிறார் அத்தை. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. தாடையில் முடி வளர்கிறது, கழுத்தைச் சுற்றிக் கருத்திருக்கிறது. எனக்குக் குழந்தை தங்குமா, தங்காதா?

பதில்: அன்புச் சகோதரி, தங்குவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலில் இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறவர்களுக்குக் குழந்தை தங்காது என்பது உண்மையில்லை. அவர்களுக்கு ஒரு வருடத்தில் வரும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவு, எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், அவ்வளவுதான். இரண்டையும் சரிசெய்ய இன்றைக்கு நல்ல வழிகள் இருக்கின்றன.

கல்யாணமாகி 14 மாதம் ஆகிவிட்டது என்று வீட்டிலும் ஊரிலும் கேட்கிறார்கள். அந்த 14 மாதத்தில் உங்கள் உடல் எத்தனை வாய்ப்புகளைக் கொடுத்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிய ஆறு இடைவெளிகளையும் கூட்டினால் 279 நாள். சராசரி 46 நாளுக்குச் சற்று மேல். அப்படியென்றால் 14 மாதத்தில் உங்களுக்கு அதிகபட்சம் 9 முட்டைகள் வெளிவந்திருக்கும். 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்கு இதே காலத்தில் 15 வந்திருக்கும். அந்த ஒன்பதிலும், கணவர் வீட்டில் இருந்த நாட்களை ஒட்டி வந்தது ஏறக்குறைய பாதிதான் இருக்க முடியும். ஆக, உங்களுக்கு உண்மையில் கிடைத்த வாய்ப்பு நாலைந்து. சேர்ந்தே வாழ்கிற, ஒழுங்காக மாதவிலக்கு வருகிற ஒரு தம்பதிக்கு இது கல்யாணமாகி நாலைந்து மாதம் ஆனதற்குச் சமம். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஒரு வருடம் முயன்றால் 100 பேரில் 80 பேருக்கு மேல் உண்டாகிவிடுகிறது. உங்களை மலடி என்கிற வார்த்தைக்குப் பக்கத்தில்கூட யாரும் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது, நீங்களும் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

சரி, ஆப் காட்டிய நாளுக்கு வருவோம். கணவர் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார் என்று படித்தபோது எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் அந்த நாட்களில் கரு தங்க வாய்ப்பே இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து முட்டை வெளிவரும் நாள் வரையுள்ள காலம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரையுள்ள காலம் அவ்வளவாக மாறாது. பெரும்பாலோருக்கு 12 முதல் 14 நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம். 1924இலேயே ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோ இதைக் கண்டுபிடித்து எழுதினார். முட்டை வரும் நாளை, முடிந்துபோன மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது, வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதுதான் அவர் கண்டதன் சாரம்.

உங்கள் கணக்கிலேயே இதைப் போட்டுப் பாருங்கள். 38 நாளில் வந்த முறை, முட்டை வந்திருந்தால் 24ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும். 52 நாள் என்றால் 38ஆம் நாள். 41க்கு 27. 36க்கு 22. 45க்கு 31. கணவர் வேலைக்குப் போகாமல் இருந்த அந்த 67 நாள் சுற்றில் முட்டை வந்திருந்தால் அது 53ஆம் நாள் வாக்கில்தான். அவர் 17ஆம் நாளோடு வண்டி ஏறிவிட்டார். உங்கள் ஆறு சுற்றுகளில் ஒன்றில்கூட 14ஆம் நாள் பொருந்தவில்லை. அந்த ஆப், எல்லாருக்கும் 28 நாள் என்று வைத்துக்கொண்டு சொல்லும் நாள் அது. மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்துவைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பச்சை நிறத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில் அது காட்டும் 'கருவுறும் நாட்கள்' உங்களுக்கு ஆகாது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெரும்பாலும் ஒழுங்காக மாதவிலக்கு வருகிற பெண்களிலேயே ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குத்தான் கருவுறும் நாட்கள் முழுவதும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் அடங்கின. அப்புறம் உங்களைப் போன்றவர்களுக்கு எப்படி அடங்கும்?

கருவுறும் நாட்கள் என்பது ஆறு நாள். முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள். வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு பெண்ணின் உடலுக்குள், சூழல் சரியாக இருந்தால் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும். அதனால்தான் முட்டைக்கு முன்பே விந்தணு போய்க் காத்திருப்பது நல்லது என்கிறோம். அந்த ஆறு நாளிலும் வாய்ப்பு ஒரே அளவில்லை. கடைசி மூன்று நாளில் அதிகம், முதலிரண்டு நாளில் குறைவு. முட்டை வெளிவந்த மறுநாளிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமில்லை.

உங்கள் 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனையும் இதே தவறான கணக்கில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் முட்டை வெளிவந்த பிறகுதான் ஏறும். வெளிவந்து ஒரு வாரம் கழித்து அது உச்சத்தில் இருக்கும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு 14 கூட்டல் 7, அதாவது 21. அதனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உங்களுக்கு, மிகச் சீக்கிரம் வந்த 36 நாள் சுற்றில்கூட முட்டை 22ஆம் நாள் வாக்கில்தான் வந்திருக்கும். 21ஆம் நாளில் ரத்தம் எடுத்தால் அளவு குறைவாகத்தான் இருக்கும், வேறு எப்படி இருக்கும்? அந்த ரிப்போர்ட்டை வைத்து முட்டையே வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது. இந்தப் பரிசோதனையை உங்களுக்குச் செய்வதென்றால் 28ஆம் நாள் வாக்கில் தொடங்கி, மாதவிலக்கு வரும்வரை வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். ஏதாவது ஒரு முறை 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வையுங்கள், ஆனால் அதை நினைத்து அழாதீர்கள்.

ஆறு முறை மாதவிலக்கு வந்ததால் ஆறு முறையும் முட்டை வந்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அதையும் நான் சொல்லியாக வேண்டும். முட்டை வராமலே கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் உதிரும். பார்க்க மாதவிலக்கு போலவே இருக்கும். மார்பு கனத்து வலித்து, இடுப்பு இழுத்து, 'வரப்போகிறது' என்று உடம்பு சொல்லி வருகிற மாதவிலக்கு, பெரும்பாலும் முட்டை வந்த சுற்றின் முடிவு. எந்த அறிகுறியும் இல்லாமல் இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று வந்து, எட்டுப் பத்து நாள் நிற்காமல் கொட்டுவது, பெரும்பாலும் முட்டை வராத சுற்று. உங்கள் ஆறில் எது எது எப்படி இருந்தது என்று நினைவிருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது ஸ்கேனுக்கு ஈடாக உதவும்.

இதோடு சேர்த்து அத்தை சொல்லும் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் 'வர்றதுக்கு மாத்திரை' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் அல்லது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன். ஐந்து முதல் பத்து நாள் போட்டு நிறுத்தினால், அடுத்த சில நாட்களில் ரத்தப்போக்கு வரும். அது மாத்திரையை நிறுத்தியதால் வருவது. அதனால் முட்டை வராது, கரு தங்கும் வாய்ப்பும் அதிகரிக்காது. மாதாமாதம் மாத்திரை போட்டு வரவைத்துவிட்டு, 'இப்போது ஒழுங்காக வருகிறதே, ஏன் இன்னும் தங்கவில்லை' என்று கேட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த மாத்திரை கெட்டது என்று சொல்ல வரவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால், சவ்வு அளவுக்கு மீறித் தடிப்பது நல்லதல்ல என்பதால் நாங்களே எழுதிக் கொடுப்போம். ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான், மருத்துவர் சொன்ன அளவில்தான். அத்தை உங்கள் நல்லதற்காகத்தான் சொல்கிறார். இந்தப் பத்தியை அவருக்கே படித்துக் காட்டுங்கள். எள்ளும் வெல்லமும் பப்பாளியும் சாப்பிட்டால் முட்டை வந்துவிடாது. உணவாகச் சாப்பிடுவதில் தப்பில்லை. கழற்சிக்காய்ப் பொடி சாப்பிடுகிறீர்கள் என்றால், குழந்தைக்கு முயலும் இந்தக் காலத்தில் நிறுத்திவிடுங்கள்.

இப்போது 47ஆம் நாள் பிரச்சினை. நீங்கள் சோதித்தது 40ஆம் நாள். கணவர் 33 முதல் 36 வரை இருந்தார். அந்த நாட்களில் கரு உண்டாகியிருந்தாலும், அது கர்ப்பப்பையில் பதிந்து, அதன் ஹார்மோன் சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஏற நாள் போதவில்லை. நாள் ஒழுங்கில்லாதவர்களுக்கு நாங்கள் சொல்லும் விதி இது: கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சோதியுங்கள். உங்களுக்கு 36 கூட்டல் 21, அதாவது 57ஆம் நாள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில், சொட்டுக் கணக்கு மாறாமல் விட்டு, அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் சிறுநீர் காய்ந்த தடமே மங்கலான கோடாகத் தெரியும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். குறித்த நேரத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் அது கோடுதான். 57ஆம் நாளும் ஒரே கோடு என்றால், அந்த நாலு நாளில் உண்டாகவில்லை என்று நம்பலாம். இடையில் அவர் மறுபடி வந்து போயிருந்தால், அதற்கு மறுபடி மூன்று வாரம். இந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

முட்டை வரும் நாளை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்று உண்டு, காசும் செலவில்லை. முட்டை முதிர்ந்து வரும் நாட்களில் பிறப்புறுப்பில் படும் ஈரம் மாறும். மற்ற நாட்களில் பிசுபிசுப்பாகவோ வறண்டோ இருப்பது, அந்த நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாக, வழவழவென்று இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் அறுபடாமல் நீளும். இதைப் பார்த்துவிட்டு 'சூடு பிடித்துக்கொண்டது, வெள்ளை படுகிறது' என்று பயந்து வெந்தயமும் மோருமாகக் குடிப்பவர்கள் நிறைய. அரிப்பு, துர்நாற்றம், தயிர் போலத் திரிதிரியாகப் படுவது, இவைதான் நோய். தெளிவான வழவழப்பு நல்ல செய்தி. அது தெரியும் நாட்களில் கணவர் ஊரில் இருந்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். தினமும் என்றாலும் தடையில்லை. நாளுக்காகச் சேர்த்து வைத்துக் காத்திருப்பதுதான் தேவையில்லாதது. சேர்ந்த பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து மணிக்கணக்கில் படுத்திருக்கவும் வேண்டாம்.

மருந்துக் கடையில் முட்டை வரும் நாளைக் காட்டும் சிறுநீர் அட்டையும் கிடைக்கிறது. எல்ஹெச் என்ற ஹார்மோன் ஏறுவதை அது காட்டும். ஏறி ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வரும். ஆனால் உங்களுக்கு இருக்கலாம் என்று நான் நினைக்கும் பிரச்சினையில் எல்ஹெச் எப்போதும் சற்று உயர்ந்தே இருப்பதுண்டு. நாலு நாளைக்கு ஒரு முறை இரட்டைக் கோடு காட்டி ஏமாற்றும். 67 நாள் சுற்றுக்கு எத்தனை அட்டை வாங்குவீர்கள்? அந்தக் காசை மருத்துவரைப் பார்க்க வையுங்கள்.

உங்களுக்கு என்ன இருக்கலாம்? தாடையில் முடி, கழுத்தில் கருமை, வயதுக்கு வந்த காலத்திலிருந்தே தள்ளிப்போவது, 71 கிலோ எடை. இதெல்லாம் சேர்ந்து பிசிஓஎஸ் பக்கம் கைகாட்டுகிறது. நம் ஊரில் பிசிஓடி, நீர்க்கட்டி என்று சொல்வது இதைத்தான். ஸ்கேனில் தெரிகிறவை கட்டிகளே அல்ல. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். அவற்றைக் கரைக்கவும் எடுக்கவும் ஒன்றுமில்லை. வளர்ந்து வெளிவர உதவி செய்தால் அவையே போதும். 'கட்டி கரைந்தால்தான் குழந்தை' என்று யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, நாள் ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் மிகுதியின் அறிகுறியும் சேர்ந்து இருந்தாலே, மற்ற காரணங்கள் இல்லை என்று பார்த்துவிட்டு பிசிஓஎஸ் என்று முடிவு செய்யலாம். அதற்கு ஸ்கேன்கூடக் கட்டாயமில்லை.

அந்த 'மற்ற காரணங்கள்' முக்கியம். தைராய்டு குறைந்தாலும் நாள் தள்ளும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடினாலும் தள்ளும். இரண்டும் மாத்திரையில் சரியாகும். குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசிந்தால் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், புரோலாக்டின், பிறகு சர்க்கரை, இந்த மூன்றையும் முதல் வருகையிலேயே எடுத்துவிடலாம். கழுத்துக் கருமை அழுக்கு அல்ல, தேய்த்துப் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்க வேண்டும். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். பிசிஓஎஸ்ஸில் அது கூடுதலாக இருக்கும். அந்த எண்ணை வைத்து உங்களுக்குத் தானாகக் கரு தங்குமா என்று யாரும் சொல்ல முடியாது.

எடையைப் பற்றிச் சொன்னால் மனசு சுருங்கும் என்று தெரியும். நான் 20 கிலோ குறைக்கச் சொல்லவில்லை. மூன்றரை கிலோ. உங்கள் எடையில் 5 சதவீதம் அது. அவ்வளவு குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வரத் தொடங்குகிறது, ஏழு கிலோ குறைந்தால் இன்னும் நல்லது. இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள். மாலை டீக்குச் சர்க்கரையைக் குறைத்து, அதோடு வரும் முறுக்கையும் தட்டுவடையையும் விட்டுவிட்டு வேகவைத்த பயறோ கடலையோ சாப்பிடுங்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஆனால் எடை குறையும்வரை மருத்துவரிடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாக நடக்கட்டும். நாள் ஒழுங்காக வருகிறவர்களை ஒரு வருடம், 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்வோம். நாள் இப்படித் தள்ளிப்போகிறவர்கள் அதுவரை காத்திருக்கவே வேண்டாம்.

சிகிச்சை என்றதும் பலருக்கு ஐவிஎஃப்தான் நினைவுக்கு வருகிறது, கூடவே லட்சக்கணக்கில் செலவும். பிசிஓஎஸ்ஸில் முதல் படி அது அல்ல. லெட்ரோசோல் என்ற மாத்திரை. மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் தொடங்கி ஐந்து நாள் போடுவது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று போட்டிருக்கும், படித்துவிட்டுப் பதற வேண்டாம். முட்டை வளர்க்கவும் அதே மருந்து, குறைந்த நாட்களுக்கு. 2014இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஐந்து சுற்று வரை முயன்றதில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம். அதற்குப் பிறகுதான் லெட்ரோசோல் முன்னுக்கு வந்தது. மாத்திரை முடிந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் செய்து முட்டைப் பை வளர்வதைப் பார்ப்போம். 18 மில்லிமீட்டரைத் தாண்டினால் தயார் என்று சொல்வோம். இரட்டைக் குழந்தை உண்டாகும் வாய்ப்பு இதில் கொஞ்சம் உண்டு. அதனால் ஸ்கேன் இல்லாமல், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது.

உங்கள் குடும்பத்துக்கு இதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. மாத்திரை எடுத்தால் முட்டை பெரும்பாலும் கடைசி மாத்திரைக்கு 5 முதல் 10 நாளுக்குள் வரும். 24ஆ, 38ஆ, 53ஆ என்ற தவிப்பு போய்விடும். மாதவிலக்கு வந்த அன்றே கணவருக்கு போன் போட்டு, இத்தனாம் தேதி வாக்கில் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அவரும் அதற்கேற்ற லோடு பிடிக்கலாம்.

அவருக்கும் பரிசோதனை வேண்டும். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு பரிசோதனையும் எழுதவில்லை. நாள் தள்ளிப்போகிற மனைவி என்று தெரிந்ததும் எல்லாரும் அவளையே சோதிக்கிறார்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருப்பது மிகச் சாதாரணம். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. உங்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே அது முடிந்திருக்க வேண்டும். இதில் லாரி ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரைதான் இடைவெளி இருக்க வேண்டும். 13 நாள் கழித்து வீடு வந்த அன்றே போய்க் கொடுத்தால் நகரும் அணுக்கள் குறைவாகக் காட்டலாம். வந்த அன்று சேர்ந்திருந்துவிட்டு, இரண்டு மூன்று நாள் விட்டு, கிளம்பும் முன் கொடுக்கட்டும். பீடி, சிகரெட், புகையிலை, குடி எது இருந்தாலும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மூன்று மாதம் ஆவதால், இன்று நிறுத்தினால்தான் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பலன் தெரியும்.

இதைப் படிக்கும் மற்ற வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள், 'எனக்குத்தான் நாளே ஒழுங்கில்லையே, எங்கே தங்கப் போகிறது' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். முட்டை எப்போது வரும் என்று தெரியாதபோது பாதுகாப்பான நாள் என்று ஒன்றும் கிடையாது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வந்துவிடலாம். 45 வயதில் நாள் தள்ளினால் அது நிற்பதற்கான அடையாளம் என்று நினைத்து, ஐந்தாம் மாதத்தில் வந்து நிற்பவர்களும் உண்டு. காண்டமோ காப்பர்-டியோ, உங்களுக்குப் பொருந்தும் ஒன்று வேண்டும்.

சகோதரி, நீங்கள் நாளையிலிருந்தே ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் எடுக்கத் தொடங்குங்கள். சர்க்கரை இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். கரு உண்டானபின் தொடங்குவது பாதி தாமதம், ஏனென்றால் குழந்தையின் தண்டுவடம் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடும்.

இரண்டு கோடு வந்த பிறகு உங்களைப் போன்றவர்களுக்கு நடக்கும் ஒரு கொடுமையைத் தடுக்கத்தான் கடைசியாக இதை எழுதுகிறேன். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிராம சுகாதார செவிலியர் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு, அதிலிருந்து வாரத்தைக் கணக்கிடுவார். 28 நாள் சுற்று என்று வைத்துப் போடும் கணக்கு அது. உங்களுக்கு 38ஆம் நாளில் முட்டை வந்து தங்கியிருந்தால், தேதிக் கணக்கில் 8 வாரம் என்று வரும்போது கருவின் வளர்ச்சி, 28 நாள் சுற்று உள்ளவரின் நாலரை வாரக் கர்ப்பத்தின் அளவுதான். அப்போது ஸ்கேன் எடுத்தால் இதயத்துடிப்பு தெரியாது, சில சமயம் பையே தெரியாது. 'வளர்ச்சி இல்லை, சுத்தம் செய்துவிடலாம்' என்று யாராவது சொல்லி, பயத்தில் நீங்களும் சம்மதித்துவிட்டால் நல்ல கரு வீணாகிவிடும். முதல் ஸ்கேனுக்குப் போகும்போதே உங்கள் ஆறு இடைவெளிகளையும் எழுதிய தாளைக் காட்டி, 'எனக்கு நாள் ஒழுங்கில்லை' என்று சொல்லுங்கள். துடிப்பு தெரியவில்லை என்றால், ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து குறிக்கும் பிரசவத் தேதிதான் உங்களுக்குச் சரியானது. அரசின் கர்ப்பப் பதிவான பிக்மியிலும் அதையே குறிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கோடு வந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம், தோள்பட்டை வலி, ரத்தக்கசிவு எது வந்தாலும் மேலே சொன்ன பொறுமை பொருந்தாது. கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருக்காமல், 108க்கு அழைத்து அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.